தரைக்கடியிலிருந்து ஏறும் இரசாயன ஆவியை நிறுத்துவது எப்படி

பெட்ரோல் நிலையமோ உலர்சலவைக் கடையோ இருந்த நிலத்தில் பென்சீன், டிரைகுளோரோஎத்திலீன் போன்றவை பல ஆண்டுகள் தங்கிவிடும். அவற்றின் ஆவி தரை விரிசலிலும் குழாய் நுழையும் ஓட்டைகளிலும் மேலே வரும். சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்குகளில் கீழ்த்தளம் பெரும்பாலும் திறந்தவெளி என்பதால் அங்கேயே கலைந்துவிடும். கவனிக்க வேண்டியவை கடைவீடு, தரைவீடு, தரைத்தளத் தொழிற்கூடம்.

சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேன் காற்றை வெளியே தள்ளும்போது உள்ளே அழுத்தம் குறைகிறது, தரைக்கடிக் காற்று உள்ளே இழுபடுகிறது. ஸ்பிளிட் ஏர்கான் அதையே சுற்றிச் சுற்றி விடுகிறது. ஆகவே ஆவி உள்ளே வருகிறதா என்று சோதிக்கும் நாளில் சன்னல்களை மூடி, ஏர்கானையும் ஃபேனையும் வழக்கம்போல் ஓடவிடுங்கள். பெயின்ட், தின்னர், உலர்சலவை செய்த துணி எல்லாவற்றையும் 2 நாள் முன்பே அகற்றிவிடுங்கள். இல்லையென்றால் அவற்றின் ஆவியைத்தான் அளப்பீர்கள்.

உள்காற்று, வெளிக்காற்று, தரைக்கடிக் காற்று மூன்றையும் ஒரே நாளில் எடுக்க வேண்டும். தரையில் துளையிட்டு இறுக்கமாக அடைத்த குழாயில், நிமிடத்துக்கு 200 மில்லிலிட்டருக்கு மேல் உறிஞ்சாதீர்கள். துளையைச் சுற்றி மூடிபோட்டு ஹீலியம் விட்டுப் பாருங்கள். அது மாதிரியில் தென்பட்டால் அடைப்பு கசிகிறது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பின் 2015 வழிகாட்டி, தரைக்கடி அளவில் 0.03 பங்கு உள்ளே வரலாம் என்று முன்னெச்சரிக்கையாகக் கணக்கிடச் சொல்கிறது. அடியில் கனமீட்டருக்கு 1,000 மைக்ரோகிராம் என்றால் உள்ளே 30.

விரிசலை அடைப்பது தேவைதான், ஆனால் அது மட்டும் போதாது. கண்ணுக்குத் தெரியாத இடுக்குகள் எப்போதும் மிஞ்சும். காய்ந்துபோன ஃப்ளோர் டிராப்பில் (தரை வடிகால் வாயில்) நீர் ஊற்றி வைப்பதையும் மறக்காதீர்கள். உண்மையான தீர்வு, தரைக்கடியில் வீட்டைவிடக் குறைந்த அழுத்தத்தை உண்டாக்குவதே. கான்கிரீட்டில் துளையிட்டு, அடியில் 30 செ.மீ. குழி தோண்டி, 100 மி.மீ. பிவிசி குழாயைக் கூரைக்கு மேல் கொண்டுபோய் அங்கே உறிஞ்சு ஃபேனை வையுங்கள். குழாயின் வாய் சன்னல்களிலிருந்து குறைந்தது 3 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும். பெட்ரோல் ஆவி இருக்குமிடத்தில் சாதாரண மோட்டார் கூடாது, தீப்பொறி எழாத வகை வேண்டும்.

இங்கே இரண்டு தொல்லைகள். ஈரமான மண்காற்று, ஏர்கான் குளிரில் இருக்கும் குழாய்க்குள் நீராகிவிடும். வளைவில் நீர் தேங்கினால் ஓட்டம் அடைபடும். குழாயைக் குழிப்பக்கம் சரிவாக வைத்து, குளிர்ந்த அறைக்குள் மேலுறை சுற்றுங்கள். அடுத்தது காலாங் பகுதி போன்ற கடல்களிமண். அதற்குள் உறிஞ்சுவிசை பரவாது. தூரத்து மூலைகளில் சிறு துளையிட்டு அளந்து பாருங்கள். தரைக்கடி அழுத்தம் வீட்டைவிட 4 பாஸ்கலாவது குறைந்திருக்க வேண்டும். இல்லையென்றால் பெரிய ஃபேன் உதவாது, குழிகளைக் கூட்டுங்கள். குழியில் நீர் ஊறினால் ஆழத்தைக் குறைத்து, தரைக்குச் சற்றுக் கீழே துளைக்குழாயைப் படுக்கவையுங்கள்.

டிசம்பர், ஜனவரி மழையில் நிலத்தடிநீர் உயரும்போது அளவீட்டை மீண்டும் எடுங்கள். குழாயில் நீர் நிரப்பிய யு-வடிவ அழுத்தமானி பொருத்தி, அதன் நீர்மட்டத்தை மார்க்கரால் குறியிடுங்கள். இரு பக்கமும் சமமானால் ஃபேன் நின்றுவிட்டது என்று பொருள், அன்றே பாருங்கள்.