தண்டுவட ஆய்வுக்குப் போன பிள்ளைகளைத் தனியே தவிக்க விடாதீர்கள்

போன வருஷம் நகரத்தார் வீடுகளில் கூடும் பிள்ளையார் நோன்புக்கு அவள் கானாடுகாத்தானுக்கு வரவில்லை. காரைக்குடியில் என்னிடம் படித்த பெண். இப்போது வெளியூரில் தண்டுவடக் காயம் பற்றி எலிகளை வைத்து முனைவர் பட்ட ஆய்வு செய்கிறாள். எல்லோரும் மாவில் வைத்து ஏற்றிய திரியான இழையை எடுத்துக்கொள்ளக் கூடியிருந்தபோது அவளுடைய ஆயா, அதாவது பாட்டி, போன் போட்டு, "ஏன் ஆத்தா, ஒரு நாள் எலியை விட்டுட்டு வரக் கூடாதா?" என்று கேட்டார்களாம்.

வர முடியாது. தண்டுவடம் பலமாக அடிபட்ட எலிக்குச் சிறுநீர் தானாகப் பிரியாது. முதல் ஒன்றிரண்டு வாரம் காலையும் மாலையும் அதைக் கையில் பிடித்து, அடிவயிற்றில் கோலிக்குண்டு போலத் தட்டுப்படும் சிறுநீர்ப்பையை விரலால் மெல்ல அமுக்கிக் காலி செய்ய வேண்டும். விட்டுவிட்டால் பை வீங்கும், தொற்று வரும், எலி செத்தும் போகும். அதோடு பல மாத உழைப்பும் போய்விடும்.

இந்தப் பாரத்தை ஒரே பிள்ளையின் தலையில் கட்டுவதுதான் நான் அதிகம் பார்த்த தவறு. "உன் எலி, நீ பார்த்துக்கொள்" என்று சொல்லிவிடுகிறார்கள். ஆய்வு வழிகாட்டியான பேராசிரியர் முறை வைத்து ஆள் மாற்ற வேண்டும், இன்னும் இரண்டு பேருக்காவது கை பழக்கியிருக்க வேண்டும். அந்தக் காலத்தில் பர்மாவில் செட்டியார்களின் வட்டிக்கடைக்குத் தொழில் பழகப் போன பெட்டியடிப் பையனிடம் முதல் நாளே பேரேட்டைக் கொடுத்துவிடவில்லை. அடுத்தாள் என்ற மூத்த உதவியாளர் பக்கத்தில் உட்கார்ந்துதான் தொழில் பழகினான்.

அடுத்தது அவசரம். விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி, அறுவைப் பயிற்சி, அப்புறம் வாரக்கணக்கில் எலியின் நடையைக் கவனிப்பது என்று காலம் ஓடிவிடும். 1995-இல் வந்த பிபிபி அளவுகோலில் பின்னங்கால் அசைவுக்கு 0 முதல் 21 வரை மதிப்பெண். எந்த எலிக்கு மருந்து போனது என்று தெரியாத இருவர் பார்த்துப் போடுவதுதான் முறை. ஆள் இல்லை என்று ஊசி போட்ட பிள்ளையையே மதிப்பெண்ணும் போடச் சொன்னால், அவளுக்கே தெரியாமல் மனசு ஒரு பக்கம் சாயும். முதல் வருஷத்திலேயே கட்டுரை கேட்டு நெருக்குகிற இடங்களில்தான் இப்படி நடக்கிறது.

எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது, "மருந்து வேலை செய்யவில்லையா? அப்ப எழுதாதே" என்று சொல்லும்போதுதான். தலைக்காயத்துக்கு முப்பது வருஷத்துக்கும் மேலாக ஸ்டீராய்டு கொடுத்து வந்தார்கள். 10,008 நோயாளிகளைச் சேர்த்து நடந்த கிராஷ் (CRASH) என்ற மருத்துவச் சோதனையின் முடிவு 2004-இல் வந்தது. ஸ்டீராய்டு பெற்றவர்களில் 21.1 சதவீதம் பேர் இரண்டு வாரத்துக்குள் இறந்திருந்தார்கள். பெறாதவர்களில் அது 17.9 சதவீதம். பலன் இல்லை என்பது மட்டுமல்ல, கெடுதல் என்றே தெரிந்தது. அதை யாரோ எழுதியதால்தான் எத்தனையோ பேர் பிழைத்தார்கள். பலன் காட்டாத முடிவைக் கொண்டுவரும் பிள்ளையை உட்காரவைத்து, சேர்ந்து எழுதுங்கள்.

பணம். ஆய்வு மாணவர்களுக்கு அரசு தரும் ஜேஆர்எப் உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். அது மாதாமாதம் ஒழுங்காக வருவதில்லை. மின்வேதியியல் ஆய்வகத்துக்காக 300 ஏக்கரும் 15 லட்சமும் அள்ளிக்கொடுத்த அழகப்பச் செட்டியார் ஊர் இது. கட்டடத்துக்குக் கொடுக்கும் கை, மூன்று மாத வாடகைக்கும் மாநாட்டுப் பயணத்துக்கும் கொடுக்கத் தயங்கக் கூடாது. வீட்டாரும் கல்யாண வீட்டில் வைத்து "எப்ப முடிப்பே?" என்று கேட்பதை விட்டுவிடலாம்.

இன்னொன்று, நோயாளியைப் பார்க்காமலே பட்டம் வாங்க விடுவது. வேலூரில் டாக்டர் மேரி வர்கீஸ் 1954-இல் கார் விபத்தில் கால்கள் செயலிழந்த பிறகு, சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவை செய்தார், மறுவாழ்வு மருத்துவத்தையும் வளர்த்தார். என்ன வேண்டும் என்பது காயம்பட்டவர்களுக்குத்தான் தெரியும்.

பொங்கலுக்கு அவள் வந்தபோது, தேவகோட்டைப் பக்கம் பனையிலிருந்து விழுந்த ஒருவர் வீட்டுக்குக் கூட்டிப்போனேன். எப்போது நடப்பேன் என்று அவர் கேட்கவில்லை. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை தானே செருகிக்கொள்ளும் குழாயைக் காட்டி, "இது இல்லாம ஒண்ணுக்குப் போக ஏதாச்சும் வழி இருக்காம்மா?" என்றார். இப்போது அவளுடைய நோட்டில் நடை மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் இன்னொரு பத்தி இருக்கிறது. ஒவ்வொரு எலிக்கும் ஒவ்வொரு வேளையும் எவ்வளவு சிறுநீர் எடுத்தாள், எந்த நாளில் தானாகப் பிரிந்தது என்று குறித்துவருகிறாள்.