வெளிநாட்டிலிருந்து கேம் கன்சோல் எடுப்பிப்பது எப்படி? கொழும்பில் இருப்பவர்களுக்கான வழிகாட்டி

"வெளிநாட்டிலிருந்து பிளேஸ்டேஷன் எடுப்பித்தால் கஸ்டம்ஸில் பறித்துவிடுவார்களா?" யூனிட்டி பிளாசாவில் விலை விசாரித்துவிட்டு வெளியே வரும் பிள்ளைகளும் பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. சொந்தப் பாவனைக்கு ஒரு கன்சோலை எடுப்பிப்பது குற்றமல்ல. மறைத்துக் கொண்டுவருவதும் பெறுமதியைக் குறைத்துக் காட்டுவதும்தான் குற்றம். இந்த வேறுபாடு தெரியாமல், நேராகச் செய்யக்கூடிய வேலையைப் பலர் பயந்து பயந்து களவாகச் செய்கிறார்கள். அதற்கு அவசியமே இல்லை. ஆனால் முதல் நான்கு படிகளையும் காசு கட்டுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

படி 1: குறியீட்டைக் கண்டுபிடியுங்கள்

சுங்கத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எச்.எஸ். குறியீடு உண்டு. வீடியோ கேம் கன்சோலுக்கு 9504.50. இந்த ஆறு இலக்கங்களும் எல்லா நாடுகளுக்கும் பொது. இலங்கைச் சுங்கத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் தீர்வை அட்டவணை இருக்கிறது. அதில் 95ஆம் அத்தியாயத்தைத் திறந்து இந்த எண்ணுக்கு நேரே பாருங்கள். என்னென்ன வரி, எத்தனை வீதம், இறக்குமதி அனுமதிப்பத்திரம் வேண்டுமா என்பதெல்லாம் அதே நிரையில் இருக்கும்.

போன வருடம் எடுப்பித்த நண்பர் சொன்னதை வைத்து முடிவெடுக்க வேண்டாம். 1969ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் ஒரு வர்த்தமானி வந்தால் நிலைமை மாறிவிடும். டொலர் தட்டுப்பாடு உச்சத்தில் இருந்த 2022 ஆகஸ்டில் சுமார் 300 வகைப் பொருட்களின் இறக்குமதி அப்படித்தான் இடைநிறுத்தப்பட்டது. பிறகு கட்டங்கட்டமாகத் தளர்த்தினார்கள். ஓடர் போடும் அதே கிழமையில் அட்டவணையைப் பாருங்கள்.

படி 2: வரியைக் கணக்குப் போடுங்கள்

பலர் சறுக்குவது இங்கேதான். கடை விலைக்கு மட்டும் வரி என்று நினைக்கிறார்கள். அப்படியல்ல. சாமான் விலை, காப்புறுதி, அனுப்பும் கட்டணம் மூன்றையும் கூட்டி வரும் தொகைதான் அடிப்படை. அதை ரூபாயாக்கும் நாணயமாற்று வீதத்தையும் சுங்கமே கிழமைதோறும் அறிவிக்கும்.

பெறுமதி சேர் வரி 2024 ஜனவரியிலிருந்து 18 வீதம். அதைக் கணக்கிடும்போது அந்த அடிப்படைத் தொகையோடு 10 வீதம் கூட்டி, மற்றத் தீர்வைகளையும் சேர்த்து, அந்த மொத்தத்தின் மேல்தான் 18 வீதம் போடுவார்கள். உதாரணமாக, கன்சோல் கொழும்புக்கு வந்துசேர 100,000 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். வேறு எந்த வரியும் இல்லாவிட்டால்கூட 110,000இன் 18 வீதம், அதாவது 19,800 ரூபாய் கட்ட வேண்டிவரும். சுங்கத் தீர்வை, செஸ், துறைமுக விமான நிலைய அபிவிருத்தி வரி, சமூகப் பாதுகாப்பு உதவுதொகை வரி என்று அட்டவணையில் இருப்பதையெல்லாம் சேர்த்துப் பாருங்கள். அப்புறம்தான் பம்பலப்பிட்டிக் கடை விலையோடு ஒப்பிடலாம். பல நேரம் கடையில் உத்தரவாதத்தோடு வாங்குவதே லாபமாக இருக்கும்.

படி 3: வைஃபை பற்றிக் கேளுங்கள்

இன்றைய கன்சோல் எல்லாவற்றிலும் வைஃபையும் புளூடூத்தும் இருக்கின்றன. வானொலி அலை அனுப்பும் கருவிகள் 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டத்தின் கீழ் வருகின்றன. எனவே எல்விட்டிகல மாவத்தையில் உள்ள தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிடம், மாடல் இலக்கத்தைக் குறிப்பிட்டு, உங்கள் கன்சோலுக்கு அனுமதி வேண்டுமா என்று எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: எந்த நாட்டுக் கன்சோல் என்று பாருங்கள்

ஜப்பானில் மலிவு என்று அவசரப்பட வேண்டாம். 2025இல் வந்த நிண்டெண்டோ சுவிட்ச் 2க்கு ஜப்பானில் மட்டும் ஒரு பதிப்பை அந்த ஆண்டில் 49,980 யென்னுக்கு விற்கத் தொடங்கினார்கள். அதில் ஜப்பானிய மொழி மட்டும்தான். ஜப்பான் கணக்கு மட்டும்தான் வேலை செய்யும். சோனியும் அதே ஆண்டு இதேபோன்ற பிளேஸ்டேஷன் 5 ஒன்றை அங்கே விற்கத் தொடங்கியது. பெட்டியில் மொழி விவரத்தைப் பார்க்காமல் வாங்கினால் காசு வீண்.

பிளேஸ்டேஷன் 5 விளையாட்டு டிஸ்க்குகளுக்கு நாட்டுப் பூட்டு இல்லை. ஆனால் புளூரே படங்களுக்கு உண்டு: இலங்கை சி வலயம், டுபாய் பி, சிங்கப்பூரும் ஜப்பானும் ஏ. விளையாட்டுக்குக் கூடுதலாக வாங்கிப் பதிவிறக்கும் பகுதிகள் (டிஎல்சி), டிஸ்க்கின் நாட்டுக் கணக்கோடு பொருந்த வேண்டும். மின்சாரத்துக்கு அடப்டரில் 100–240 வோல்ட் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ஜப்பானின் பழைய கன்சோல்கள் பல 100 வோல்ட்டுக்கு மட்டுமே. நம் 230 வோல்ட்டில் நேரே சொருகினால் கருகிவிடும்.

படி 5: கொண்டுவரும் வழியைத் தெரிவு செய்யுங்கள்

விமானத்தில் வரும் உறவினர் கொண்டுவருவதே புதியவர்களுக்கு இலகு. அசல் பில்லைக் கையில் வைத்திருக்கச் சொல்லுங்கள். தீர்வையற்ற சலுகைக்கு மேல் பெறுமதி இருந்தால் கட்டுநாயக்கவில் சிவப்பு வழியால் போய்ச் சொல்லிவிட வேண்டும். சுவிட்ச் போன்ற கையடக்கக் கருவிகளில் லித்தியம் பற்றரி இருப்பதால் கைப்பையில் வைப்பதே நல்லது.

தபாலில் வந்தால் கொழும்பு 10இல் உள்ள மத்திய தபால் பரிவர்த்தனை நிலையத்தில் சுங்கச் சோதனை நடக்கும். கூரியர் என்றால் பெரும்பாலும் நிறுவனமே ஆவணங்களைப் பார்த்து, தன் கட்டணத்தையும் சேர்த்து அறவிடும்.

கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் மாமா பாசத்தில் "அன்பளிப்பு, 20 டொலர்" என்று எழுதி அனுப்புவார். தயவுசெய்து வேண்டாம் என்று சொல்லுங்கள். அன்பளிப்பு என்று எழுதினால் மட்டும் வரி போய்விடாது. 1869ஆம் ஆண்டின் சுங்கக் கட்டளைச் சட்டத்தின் கீழ், பொய்யான பெறுமதிக்குப் பொருளைப் பறிமுதல் செய்து தண்டமும் விதிக்கலாம்.

படி 6: மோட் சிப்பைத் தவிருங்கள்

பிரதி டிஸ்க் ஓட்டுவதற்காக மோட் சிப் என்ற சில்லைப் பொருத்தித் திருத்திய கன்சோல்களைச் சிலர் மலிவாகத் தருவார்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், பிரதி எடுப்பதைத் தடுக்கும் பாதுகாப்பை உடைக்கவென்றே செய்த கருவிகளை விற்பனைக்கோ வாடகைக்கோ இறக்குமதி செய்வதைத் தடுக்கிறது. புத்தம் புதிய, கை வைக்காத கன்சோலையே வாங்குங்கள்.

படி 7: பற்றுச்சீட்டைப் பாதுகாத்து வையுங்கள்

வரி கட்டிய சீட்டையும் கடை பில்லையும் படம் எடுத்து வையுங்கள். கன்சோலை நீங்கள் பிறகு விற்கும்போது, வாங்குபவர் முதலில் கேட்பது இந்த இரண்டையும்தான்.