மிளகாய்ச் செடியைப் பார்சலில் வாங்குவது, அனுப்புவது

கரோலினா ரீப்பர், ஹபனேரோ, பூத் ஜோலோகியா மாதிரி கடுங்கார ரகங்களை விதை போட்டு எடுக்க நிறையப் பொறுமை வேண்டும். இவை கேப்சிகம் சைனென்ஸ் என்ற மிளகாய் இனத்தையோ அதன் கலப்பையோ சேர்ந்தவை. சாதாரண மிளகாய் விதை பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாளில் முளைவிட்டுவிடும், ஆனால் இவை இரண்டு மூன்று வாரம், சில சமயம் அதற்கும் மேலே மண்ணுக்குள்ளேயே கிடக்கும், அதுவும் மண்ணின் சூடு 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால்தான். நட்ட பிறகு பழம் பழுக்க மூன்று நான்கு மாதம் ஆகும். வெயில் காலம் குறைவாக இருக்கிற இடத்தில் இந்தக் கணக்கு ஒத்தே வராது, அங்கே நாற்றாக வாங்குவதுதான் புத்திசாலித்தனம்.

பெட்டிக்குள் இரண்டு மூன்று நாள் இருட்டில் இருந்தால் செடி செத்துவிடாதா என்று கேட்பார்கள். நல்ல நாற்று சாகாது. பார்சலில் வந்த செடிகள் சாவதற்குப் பெரும்பாலும் காரணம் மூன்றுதான்: இலையில் ஈரத்தோடு பெட்டியை மூடுவது, வார இறுதியில் கிடங்கில் மாட்டிக்கொள்வது, வந்து சேர்ந்த அன்றே உச்சி வெயிலில் வைப்பது. இந்த மூன்றையும் அனுப்புகிறவரும் வாங்குகிறவரும் நினைத்தால் தவிர்த்துவிடலாம்.

முதலில் எந்தச் செடியை வாங்குவது? படத்தில் பூவும் காயுமாக நிற்கிற பெரிய செடியைப் பார்த்தால் ஆசையாகத்தான் இருக்கும், ஆனால் பயணத்துக்கு அது சரிப்படாது. மிளகாய்க் கிளை கணுவில் படக்கென்று ஒடியும். பெரிய செடிக்கு இலைப்பரப்பு அதிகம், வேர் கொண்டுவருகிற தண்ணீரைவிட இலை வழியாகப் போவது அதிகமாகிவிடும், பூவும் பிஞ்சும் வழியிலேயே உதிர்ந்துவிடும். முளைக்கும்போது முதலில் வருகிற வித்திலை போக நான்கு முதல் எட்டு நிஜ இலைகளும், குட்டையாகத் தடித்த தண்டும், பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் உயரமும் உள்ள நாற்றைக் கேளுங்கள். குழித்தட்டில் வளர்ந்து, வேர் தட்டில் நிரப்பிய மண் கலவையைச் சுற்றிப் பிடித்திருந்தால், இழுக்கும்போது உதிராமல் கட்டியாக வரும். வேர் பிடிக்காத நாற்று என்றால் பாதி வழியில் மண் தனி, வேர் தனி. வெளியில் வைத்துக் காற்றுக்கும் வெயிலுக்கும் கடினப்படுத்திய நாற்றா, பசுமைக்குடிலிலிருந்து அப்படியே எடுத்து அனுப்புவதா என்றும் விற்பவரிடம் கேட்டுவிடுங்கள், இந்த ஒரு கேள்விக்கு வருகிற பதிலிலேயே அவருக்குத் தொழில் தெரியுமா என்று தெரிந்துவிடும்.

ரகத்தின் பெயரில் ஏமாற்று நிறைய நடக்கும், ஏனென்றால் நாற்றைப் பார்த்து ரகம் சொல்ல யாராலும் முடியாது, காய் வரும்வரை காத்திருக்க வேண்டும். மிளகாய் தானாகவே மகரந்தச் சேர்க்கை செய்துகொள்ளும் என்றாலும் தேனீயும் மற்ற பூச்சிகளும் பக்கத்துச் செடியின் மகரந்தத்தைக் கொண்டுவந்து சேர்த்துவிடும். அந்தக் காயின் விதையிலிருந்து வருகிற செடி தாய்ச்செடி மாதிரி இருக்காது. பூக்களுக்கு வலை கட்டியோ, ரகங்களைத் தள்ளித் தள்ளி வைத்தோ எடுத்த விதையா என்று கேட்பதில் தப்பே இல்லை. அப்புறம், 2023-ல் 26,93,000 ஸ்கோவில் (காரத்தை அளக்கும் அலகு) அளவோடு கின்னஸ் சாதனை படைத்த பெப்பர் எக்ஸ் செடி தருகிறோம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சாதனை அறிவிப்பு வந்தபோதே, விதையை வெளியில் விடப்போவதில்லை என்று அதை உருவாக்கிய எட் கரி சொல்லிவிட்டார்.

அனுப்புகிற நாள் ரொம்ப முக்கியம். வாரத்தின் முதல் இரண்டு நாளில் அனுப்பினால் வார இறுதிக்குள் போய்ச் சேர்ந்துவிடும். பண்டிகை விடுமுறைக்கு முந்தைய நாளில் எவ்வளவு அவசரமென்றாலும் அனுப்பாதீர்கள். இரு பக்கத்து வானிலையையும் பாருங்கள். வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே போனாலே மிளகாய்க்குக் குளிர் அடிக்க ஆரம்பித்துவிடும், உறைபனி பட்டால் அவ்வளவுதான். 35 டிகிரிக்கு மேல் போகிற நாட்களில் மூடிய வண்டிக்குள் வெந்துவிடும். ஒரு வாரம் தள்ளிப் போடுவதால் யாருக்கும் நஷ்டம் இல்லை.

நீங்கள் அனுப்புவதாக இருந்தால், முந்தின நாள் தண்ணீர் ஊற்றுங்கள், பார்சல் கட்டுகிற நேரத்தில் ஊற்ற வேண்டாம். வேர்க்கட்டி ஈரமாக இருக்கலாம், பிழிந்தால் சொட்டக் கூடாது. அதைப் பிளாஸ்டிக் பையில் வைத்துத் தண்டின் அடியில் தளர்வாகக் கட்டினால் மண்ணும் ஈரமும் அங்கேயே நிற்கும், இலைக்குப் போகாது. இலைகளை மேல்நோக்கிச் சேர்த்துக் காய்ந்த செய்தித்தாளில் மெதுவாக உருட்டுங்கள். இலைப்பகுதியைப் பிளாஸ்டிக்கால் மூடவே கூடாது, வியர்த்து ஒரே நாளில் பூசணம் பிடித்து இலை குழைந்துவிடும். பெட்டியின் பக்கங்களில் காற்றுத் துளை போடுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது: அடிபட்ட இலைகள் எத்திலீன் வாயுவை விடும், அது மூடிய பெட்டிக்குள் தேங்கினால் நல்ல இலைகளும் மஞ்சளாகி உதிரும். பெட்டியைத் தலைகீழாகத் திருப்பி லேசாகக் குலுக்கிப் பாருங்கள், உள்ளே எதுவும் நகரக் கூடாது. நகர்ந்தால் இன்னும் காகிதம் திணியுங்கள். ‘உயிருள்ள செடி’ என்று எழுதி, மேல்பக்கத்துக்கு அம்புக்குறி போட்டாலும், பெட்டி கவிழ்ந்துதான் பயணம் செய்யும் என்று நினைத்தே கட்டுங்கள்.

நாடு விட்டு நாடு அனுப்புவதென்றால் தாவர நலச் சான்றிதழ் பெரும்பாலும் கட்டாயம், மண்ணோடு அனுப்புவதைப் பல நாடுகள் தடுக்கின்றன. ஒரே நாட்டுக்குள்ளும் சில பகுதிகளுக்குக் கட்டுப்பாடு இருக்கலாம். இதை வெறும் காகித வேலை என்று தள்ளிவிடாதீர்கள். தக்காளி, மிளகாய் இரண்டையும் தாக்குகிற டோப்ரெஃப்வி என்ற வைரஸ் 2014 வாக்கில் இஸ்ரேலில் தலைகாட்டி, சில ஆண்டுகளிலேயே பல நாடுகளுக்குப் பரவியது. விதையோடும் நாற்றோடும், செடியைத் தொட்ட கையோடும் கத்தியோடும் அது பயணம் செய்கிறது.

செடி வந்ததும் உடனே பிரியுங்கள், பிரிக்கும்போதே படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஏதாவது கோளாறு என்றால் விற்பவரிடம் காட்ட அதுதான் ஆதாரம். வாடியிருந்தால் பதறிப்போய்த் தண்ணீர் ஊற்றாமல் முதலில் வேர்க்கட்டியைத் தொட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தும் வாடியிருந்தால் அது பயணக் களைப்பு, நிழலில் வைத்தால் ஒரு நாளில் நிமிரும். வித்திலைகளும் அடி இலை ஒன்றிரண்டும் மஞ்சளாகி விழுவது சகஜம். எல்லா இலையும் போய்விட்டதென்றாலும் தூக்கிப் போடாதீர்கள், தண்டின் தோலை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சையாக இருந்தால் கணுவிலிருந்து புதிதாகத் துளிர்க்க வாய்ப்புண்டு.

அடுத்து, வேறு செடிகளோடு சேர்க்காமல் பத்து நாளாவது தனியாக வையுங்கள். இலையைத் திருப்பி, நடுநரம்பை ஒட்டி அசுவினி, வெள்ளை ஈ, இலைப்பேன் இருக்கிறதா பாருங்கள். இவை கண்ணுக்குத் தெரியும், அதனால் சமாளிக்கலாம். எனக்கு உண்மையில் பயம் மஞ்சள் முரணைச் சிலந்தியை நினைத்துத்தான், அது வலை பின்னுகிற சிலந்தி இல்லை, இலைச்சாற்றை உறிஞ்சும் நுண்ணிய பூச்சி, 0.2 மில்லிமீட்டர் அளவுதான், பத்து மடங்கு லென்ஸ் இல்லாமல் பிடிபடாது. குருத்து இலையின் ஓரங்கள் படகைக் கவிழ்த்த மாதிரி கீழ்ப்பக்கமாக மடங்கி, இலை குறுகி, அடிப்பக்கம் வெண்கல நிறத்தில் பளபளத்தால் அதுதான். வைரஸ் என்று நினைத்துப் பலர் செடியைப் பிடுங்கிவிடுகிறார்கள். முதலில் லென்ஸ் வைத்துப் பாருங்கள், சிலந்தி என்றால் நனைகிற கந்தகம் (தண்ணீரில் கலந்து தெளிக்கும் கந்தகத் தூள்) கட்டுப்படுத்தும். ஆனால் கடும் வெயிலில் தெளிக்காதீர்கள், வேப்பெண்ணெய் அடித்த இரண்டு வாரத்துக்குள்ளும் தெளிக்காதீர்கள், இலை கருகும். புகையிலை பயன்படுத்துகிறவர்கள் செடியைத் தொடுமுன் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், புகையிலைத் தேமல் வைரஸ் மிளகாய்க்கும் வரும்.

வெயிலுக்குப் பழக்குவதில்தான் பெரும்பாலோர் அவசரப்படுகிறார்கள். முதல் இரண்டு நாள் வெளிச்சமான நிழல், மூன்றாம் நாள் காலை வெயில் ஒரு மணி நேரம், பிறகு தினமும் கொஞ்சம் கூட்டி, ஒரு வாரம் பத்து நாளில் முழு வெயில். இலையில் வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழுந்தால் வேகமாகப் போகிறீர்கள் என்று அர்த்தம், ஒரு படி பின்னால் போங்கள். அந்த இலை தேறாது, அடுத்த கொழுந்து நன்றாக வரும். நடும்போது தக்காளியைப் போலத் தண்டை ஆழமாகப் புதைக்க வேண்டாம், வேர்க்கட்டியின் மேல்மட்டமும் தொட்டி மண்ணும் சமமாக இருந்தால் போதும். மொட்டு இருந்தால் கிள்ளிவிடுங்கள். உரத்துக்கு அவசரமே இல்லை, புதுக் கொழுந்து விரிவதைப் பார்த்த பிறகு பாதி அளவில் ஆரம்பிக்கலாம்.