எழுதியதை உரக்கப் படித்துத் திருத்தும் முறை
எழுதி முடித்த கட்டுரையை, இயன்றால் ஒரு நாள் ஆறப்போட்டு, பிறகு அச்சிட்ட தாளில் உரக்கப் படிக்க வேண்டும். மௌனமாகப் படிக்கும்போது, நாம் எழுத நினைத்ததையே மனம் இட்டு நிரப்பிக்கொள்வதால், விடுபட்ட சொல்லும் இரட்டித்த சொல்லும் கண்ணுக்குத் தப்பிவிடுகின்றன. வாயோ ஒவ்வொரு சொல்லையும் உச்சரித்தாக வேண்டியிருப்பதால் அவை எளிதில் பிடிபடுகின்றன.

முதல் வாசிப்பில் எதையும் திருத்தாமல், நா இடறிய இடத்திலும் மூச்சு முட்டிய இடத்திலும் பென்சிலால் கோடு மட்டும் இட்டுச் செல்லுங்கள். நின்று நின்று திருத்தினால் நடையின் ஓட்டம் காதில் விழாது. தமிழில் வினைமுற்று பெரும்பாலும் வாக்கியத்தின் இறுதியில் வருவதால், நீண்ட வாக்கியத்தில் எழுவாய் பன்மையாகத் தொடங்கிப் பயனிலை ஒருமையில் முடிவது அடிக்கடி நிகழும் பிழை. இதைக் காது விரைவில் கண்டுகொள்ளும். அடுத்தடுத்த வாக்கியங்கள் ‘வேண்டும்’, ‘வேண்டும்’ என்று ஒரே ஒலியில் முடிவதும் அவ்வாறே வெளிப்படும். (ஒற்றுப் பிழைகளுக்குக் காதை மட்டும் நம்பாமல் இலக்கண விதியையும் பார்ப்பது நல்லது.)

உரையாடல் பகுதிகளை இன்னொருவரைப் படிக்கச் சொல்லிக் கேட்பது இன்னும் பயன் தரும் என்பது என் உறுதியான எண்ணம். எழுதியவர் தம் குரலால் சரிக்கட்டிவிடும் குறைகளை மற்றவர் அப்படியே ஒலித்துக் காட்டிவிடுவார். ஆளில்லையெனில், கைபேசியில் பதிவுசெய்து தாளைப் பார்க்காமல் கேட்கலாம். திருத்திய பத்திகளை மறுபடியும் உரக்கப் படியுங்கள்; திருத்தும்போது புதிய பிழைகள் நுழைவது இயல்பு.