வேலைக்கு எடுத்தவர்களை மட்டும் வைத்துத் தேர்வை எடை போடுவது எப்படி?

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவ விமானப் படை, தேர்வு மதிப்பெண்ணைப் பார்க்காமல் 1036 பேரை விமானிப் பயிற்சியில் சேர்த்தது. தேர்வுத் தொகுப்பின் மதிப்பெண்ணுக்கும் பயிற்சியில் தேறியதற்கும் இடையே ஒட்டுறவு (இரண்டும் எவ்வளவு சேர்ந்து நகர்கின்றன என்பதன் அளவு; 0 என்றால் நேர்கோட்டுத் தொடர்பில்லை, 1 என்றால் முழுத் தொடர்பு) 0.64. போரின் பிற்பகுதியில் வந்த கறாரான வரம்பை வைத்தால் இவர்களில் 136 பேர்தான் உள்ளே வந்திருப்பார்கள். அந்த 136 பேருக்குள் மட்டும் கணக்கிட்டால் ஒட்டுறவு 0.18. தொகுப்பில் இருந்த இயந்திரத் தத்துவத் தேர்வின் ஒட்டுறவு 0.44லிருந்து 0.03க்கு இறங்கியது. நிறுவனங்களிடம் பொதுவாக இருப்பது அந்த 136 பேரின் கணக்கு மட்டுமே.

காரணம் எளிது. குறைந்த மதிப்பெண்காரர்களை வாசலிலேயே அனுப்பிவிட்டால், மிஞ்சியவர்களின் மதிப்பெண்கள் நெருங்கிக் கிடக்கும்; இதுதான் வீச்சுக் குறுக்கம். வேலைத்திறனைத் தீர்மானிக்கும் மற்ற விஷயங்களோ குறையாமல் அப்படியே இருக்கும்.

திருத்த மூன்று எண்கள் போதும்: விண்ணப்பித்த எல்லோருடைய மதிப்பெண்ணின் திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு பரந்து கிடக்கின்றன என்பதன் அளவு), எடுக்கப்பட்டவர்களுடையது, எடுக்கப்பட்டவர்களிடம் கிடைத்த ஒட்டுறவு. முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்தால் வருவது விகிதம். ஒட்டுறவை விகிதத்தால் பெருக்கி மேலே எழுதுங்கள். விகிதத்தின் வர்க்கத்தில் 1 கழித்து, ஒட்டுறவின் வர்க்கத்தால் பெருக்கி, 1 கூட்டி, வர்க்கமூலம் எடுத்துக் கீழே எழுதி வகுங்கள். திட்ட விலக்கங்கள் 10, 5, ஒட்டுறவு 0.25 என்றால் மேலே 0.50, கீழே 1.09, விடை 0.46.

இந்த 0.46ஐ அப்படியே மேலாளர் மேசையில் வைத்துவிடாதீர்கள். மாதிரியில் 60 பேர்தான் என்றால் 0.25க்கு 95 சதவீத நம்பக இடைவெளி (உண்மை ஒட்டுறவு இருக்கக்கூடிய எல்லை) ஏறத்தாழ 0 முதல் 0.47 வரை. இரு முனைகளையும் அதே சூத்திரத்தில் போட்டால் 0 முதல் 0.73! திருத்தம் ஒட்டுறவோடு சேர்த்துப் பிழையையும் பெரிதாக்கும். திருத்தாத எண், திருத்திய எண் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள்.

அடிக்கடி சறுக்கும் இடம் முதல் எண்தான். தேர்வு விற்பவரின் கையேட்டில் உள்ள தேசிய அளவிலான திட்ட விலக்கத்தைப் போட்டால் விடை ஊதிப்போகும். உங்கள் வேலைக்கு விண்ணப்பிப்பவர்கள் அவ்வளவு பரந்து கிடப்பதில்லை. நிராகரிக்கப்பட்டவர்களின் மதிப்பெண்களை அழித்துவிட்டால் பிறகு வழியே இல்லை, ஆகவே முதல் நாளிலிருந்தே சேமியுங்கள்.

மேற்சொன்ன சூத்திரம், அந்தத் தேர்வின் மதிப்பெண்ணை வைத்தே ஆள் எடுத்தபோது மட்டும் பொருந்தும். உறவு நேர்கோடாகவும், சிதறல் எல்லா மதிப்பெண்ணிலும் ஒரே அளவாகவும் இருக்க வேண்டும். நேர்காணலில் எடுத்துவிட்டு, பிறகு ஒரு புதுத் தேர்வைச் சோதித்தால் குறுக்கம் மறைமுகமானது. நேர்காணல் மதிப்பெண்ணையும் உள்ளே கொண்டுவரும் வேறு சூத்திரம் வேண்டும்.

வேலைத்திறனுக்கு மேற்பார்வையாளர் தரும் மதிப்பீட்டின் நம்பகக் குறைவையும் (ஒரே ஆளுக்கு வெவ்வேறு பேர் வெவ்வேறு மதிப்பீடு தருவது போன்றது) திருத்துவதானால், அந்த நம்பகம் எடுக்கப்பட்டவர்களிடம் அளந்தது என்றால் அதை முதலில் திருத்துங்கள், வீச்சை அடுத்து.

ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களை உட்காரவைத்துத் தேர்வு எழுதச் சொன்ன ஆய்வுகளில் குறுக்கம் பெரும்பாலும் சிறிது. அங்கும் பெரிய விகிதத்தைப் போட்டதே பழைய தவறு. 2022இல் உளவியலாளர் சாக்கெட்டும் சகாக்களும் இதைச் சரிசெய்தபோது, பொது அறிதிறன் தேர்வுகளுக்கும் வேலைத்திறனுக்கும் இடையே சொல்லப்பட்டுவந்த ஒட்டுறவு 0.51, 0.31க்கு இறங்கியது.