மா ஒட்டுக்கட்டும் முன் குச்சிக்குள் பாருங்கள்

கிருஷ்ணகிரி மாவட்டம் சந்தூர் பக்கத்து நர்சரிகளில் மாங்கன்று ஒட்டுக்கட்டுவதைப் பார்த்தால் கைவேகம்தான் முதலில் கண்ணில் படும். புதிதாகக் கற்பவர்கள் வேகத்தை மறந்துவிட்டு ஒரு குச்சியை வெட்டிப் பாருங்கள். வெளியே பட்டை, நடுவில் கட்டை. பட்டையை நகத்தால் உரித்தால் இரண்டுக்கும் நடுவே ஈரமாக வழுக்கும். புதுத் திசுக்களை உருவாக்கும் மெல்லிய வளையமான கேம்பியம் இருப்பது அங்கேதான். வெளிப்பக்கம் உணவைக் கடத்தும் ஃபுளோயம், உட்பக்கம் நீரைக் கடத்தும் சைலம் இரண்டும் அதிலிருந்தே உருவாகின்றன. குச்சியின் கேம்பியமும் கன்றின் கேம்பியமும் தொட்டால்தான் ஒட்டு சேரும். சோளத்தட்டையில் இந்த வளையம் கிடையாது, நார்க்கற்றைகள் புள்ளி புள்ளியாகச் சிதறிக் கிடக்கும். தென்னையும் அப்படித்தான், அதனால்தான் அதில் ஒட்டு எடுபடாது.

ஆடி முதல் புரட்டாசி வரை ஏற்ற காலம். பெங்களூரா ரகமோ செந்தூரா ரகமோ, காய்ப்பு நன்றாக உள்ள தாய்மரத்தில் பென்சில் பருமனுள்ள, 3-4 மாத வயதுக் கிளைநுனியைத் தேர்ந்தெடுங்கள். வெட்டுவதற்கு 7-10 நாள் முன்பே காம்பை மட்டும் விட்டு இலைகளைக் கிள்ளிவிடுங்கள். தொட்டதும் காம்பு உதிர்ந்து, நுனிமொட்டு பருத்திருந்தால் குச்சி தயார்.

வேர்ச்செடியை, அதாவது குச்சியை ஒட்டப்போகும் கன்றை, தரையிலிருந்து 15-20 செ.மீ. உயரத்தில் வெட்டி, கீழே சில இலைகளை விட்டுவையுங்கள். நடுவில் 4-5 செ.மீ. ஆழம் பிளந்து, குச்சியின் அடியை அதே நீளத்துக்கு ஆப்புபோலச் சீவிச் செருகுங்கள். சீவும்போது பிளேடு ஒரே இழுப்பில் போகவேண்டும். மேடுபள்ளமானால் இடைவெளி விழும். தாமதித்தால் வெட்டுமுகம் கறுத்துக் காயும்.

அதிகம் பேர் தவறுவது இங்கேதான்: குச்சி மெலிந்திருந்தால் அழகுக்காக நடுவில் வைக்கிறார்கள். அப்போது இரண்டு கேம்பிய வளையமும் சந்திப்பதே இல்லை. ஒரு ஓரமாகத் தள்ளி, பட்டையோடு பட்டை பொருத்துங்கள். ஒரு பக்கம் சேர்ந்தாலே போதும்.

2 செ.மீ. அகலப் பாலிதீன் பட்டையால் கீழிருந்து மேலாக இறுக்கிச் சுற்றி, மேலே பாலிதீன் உறை மாட்டி நிழலில் வையுங்கள். 2-3 வாரத்தில் துளிர்த்ததும் மாலை வேளையில் உறையைக் கழற்றுங்கள்.

பாலிதீன் கட்டினை 2-3 மாதத்தில், ஒட்டு நன்றாகச் சேர்ந்ததும் அறுத்துவிட வேண்டும். 17ஆம் நூற்றாண்டிலேயே இத்தாலிய அறிஞர் மார்செல்லோ மால்பிகி மரத்தில் பட்டையை வளையமாக உரித்து, வெட்டுக்கு மேற்புறம் வீங்குவதைக் கண்டார். இலை தயாரித்த உணவு ஃபுளோயம் வழியே இறங்க முடியாமல் தேங்கியதே காரணம். அறுக்காமல் விட்ட கட்டும் பட்டையை நெரித்து அதே வீக்கத்தைத்தான் உண்டாக்கும், பலத்த காற்றில் கன்று அந்த இடத்திலேயே முறியும்.

நடும்போது ஒட்டு மண்ணுக்கு மேலே இருக்கட்டும். அதற்குக் கீழே வரும் துளிரை அன்றன்றே கிள்ளுங்கள், அது வேர்ச்செடியின் துளிர்.