மதியச் சாப்பாட்டு நேரத்தில் பேக்கப்

எங்கள் கடையில் கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து பேனர், நோட்டீஸ் எல்லாம் உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளம் போட்ட ஒரே கம்ப்யூட்டர் மெஷினில்தான் தயாராகின்றன. ராத்திரி 2 மணிக்கு பேக்கப் ஓடும்படி, குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் கிரானில் (cron) எழுதி வைத்து நிம்மதியாக இருந்தேன். ஆனால் 9 மணிக்கே மெஷினை அணைத்துவிட்டுக் கடையைப் பூட்டுவோம். தவறிப்போன வேலையைக் கிரான் மறுநாள் எழுந்து செய்யாது. ஹார்ட் டிஸ்க் போன அன்றுதான் இது உறைத்தது. நான்கு மாத வேலை போய்விட்டது. இன்னும் 200 பத்திரிகை கேட்டு வந்த ஒரு பெண்ணின் அப்பாவிடம், அச்சடித்த அட்டையைத் திரும்ப வாங்கி, முழுவதும் புதிதாக அடித்துக் கொடுத்தேன்.

அதனால் முதலில் மெஷின் நிச்சயமாக ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். எனக்கு அது மதியம் 1.30, சாப்பாட்டு நேரம். கட்டளை அடிக்கும் ஜன்னலான டெர்மினலில் கிரான்டேப் கட்டளையை ஆங்கிலத்தில் அடித்து, இடைவெளி விட்டு, ஹைபனும் சின்ன ‘இ’ எழுத்தும் சேர்த்தால் (crontab -e) அட்டவணை திறக்கும். அதில் நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை என்று ஐந்து இடங்கள்:

30 13 * * 1-6

திங்கள் முதல் சனி வரை என்று பொருள். தினமும் வேண்டுமென்றால் கடைசியிலும் நட்சத்திரம். அப்புறம் ஒரு இடைவெளி விட்டு, இயக்க அனுமதி கொடுத்த ஸ்கிரிப்டின் (பேக்கப் கட்டளைகளை எழுதி வைத்த கோப்பின்) முழுப் பாதை. இந்த வரியில் % குறி வேண்டாம். கிரான் அதைப் புது வரியாக எடுத்துக்கொள்ளும். ஃபோல்டருக்குத் தேதி போடுவதை ஸ்கிரிப்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். வரியின் கடைசியில் >> போட்டு ஒரு பதிவுக் கோப்பின் பாதையும், அதன் பின் 2>&1 என்றும் சேர்த்தால் பிழைச் செய்தியும் அதிலேயே விழும்.

ஸ்கிரிப்டுக்குள் நகலெடுக்க ஆர்சிங்க் கட்டளை, ஹைபன் ‘ஏ’ (rsync -a) போதும். மூல ஃபோல்டரின் பெயருக்குப் பின் ஸ்லாஷ் போட்டால் உள்ளே இருப்பவை மட்டும் போகும், போடாவிட்டால் ஃபோல்டரே போகும். முதல் தடவை ‘என்’ எழுத்தையும் ‘வி’ எழுத்தையும் சேர்த்து (rsync -anv) ஓட்டுங்கள். எதையும் எழுதாமல், எவை போகும் என்று மட்டும் காட்டும். மூலத்தில் இல்லாததை நகலிலும் அழிக்கும் ‘டெலிட்’ தேர்வை நான் சேர்ப்பதில்லை. சேர்த்தால், கைதவறி அழித்த கோப்பு மறுநாள் பேக்கப்பிலும் இருக்காது.

இனி முக்கியமானது. வெளி டிஸ்க்கைச் செருக மறந்தாலும், அது மவுன்ட் ஆகும் (செருகியதும் அதன் உள்ளடக்கம் தெரியும்) ஃபோல்டர் காலியாக இருந்துகொண்டே இருக்கலாம். அப்போது ஸ்கிரிப்ட் அந்தக் காலி ஃபோல்டரில், அதாவது அதே பழைய டிஸ்க்கில், நகலை எழுதிக் குவிக்கும். பதிவில் பிழை எதுவும் வராது. ஆகவே ஸ்கிரிப்டின் முதல் வேலையாக மவுன்ட்பாயின்ட் (mountpoint) கட்டளையால் அந்த இடத்தைச் சோதித்து, டிஸ்க் இல்லையென்றால் அங்கேயே நின்றுவிடச் சொல்லுங்கள்.

எழுத்துரு ஃபோல்டரையும் சேருங்கள். எங்கள் பழைய பத்திரிகைகள் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் அடித்தவை. அவை இல்லாமல் திறந்தால் மாப்பிள்ளை பெயர் இருக்க வேண்டிய இடத்தில் புரியாத ஆங்கிலக் குறிகள்தான் இருக்கும்.

சனிக்கிழமை கடை பூட்டும் முன் டிஸ்க்கிலிருந்து ஏதாவது ஒரு பத்திரிகையை வேறு ஃபோல்டருக்கு எடுத்து, திறந்து, முகூர்த்த நேரம் வரை படித்துப் பார்க்கிறேன். அப்புறம் டிஸ்க்கை அன்மவுன்ட் செய்து வீட்டுக்கு எடுத்துப் போகிறேன்.